மலைக்குப் போகும் மகளும் மலையடிவாரத்து வரப்பும்

வாசகர் கேள்வி

இந்த இதழுக்கு வந்த தபாலில் இரண்டு கடிதங்கள் ஒரே விஷயத்தை இரண்டு முனையிலிருந்து கேட்கின்றன.

முதல் கடிதம் மன்னார்குடி பக்கத்திலிருந்து. எழுதியவர் ஒரு தாய். "எங்களுக்கு மூன்று ஏக்கர் நெல். மகள் சென்னையில் வேலை பார்க்கிறாள். மயிலாப்பூரில் பெண்கள் விடுதியில் தங்கியிருக்கிறாள், கம்பெனி அடையாறு தாண்டி. ஆபீஸில் பழகியவர்களோடு சனி, ஞாயிறு மலையேறப் போகிறேன் என்கிறாள். 'காசு கட்டிட்டேன்மா, பயப்படாதே' என்கிறாள். எனக்கு குரங்கணிதான் ஞாபகம் வருகிறது. இவள் அப்பா போகவே கூடாது என்கிறார். நான் என்ன சொல்வது?"

இரண்டாவது கடிதம் ஏலகிரி மலையடிவாரத்திலிருந்து, ஜோலார்பேட்டை பக்கம். "அய்யா, எனக்கு இரண்டு ஏக்கர் நிலம், காட்டை ஒட்டி. எங்கள் கொல்லையிலிருந்து மலை மேலே போக பழைய ஒற்றையடிப் பாதை உண்டு. சனிக்கிழமை விடிந்தால் சென்னையிலிருந்து பிள்ளைகள் வேனில் வந்து இறங்குகிறார்கள். மயிலாப்பூர், தி.நகர், அடையாறு என்று சொல்கிறார்கள். வழி காட்டினால் ஆளுக்கு இருநூறு தருகிறோம் என்கிறார்கள். பன்னிரண்டு பேர் வந்தால் ஒரே நாளில் 2,400 ரூபாய். என் பையன் சும்மாதான் இருக்கிறான். அனுப்பலாமா? ஏதாவது வம்பு வருமா?"

அந்தத் தாயின் மகள் ஏறும் வேன் இந்த விவசாயியின் கொல்லையில்தான் வந்து நிற்கும் என்று சொல்ல முடியாது. ஆனால் நிற்கக்கூடிய வேன்தான். அதனால் இரண்டு பேருக்கும் சேர்த்தே பதில்.

சென்னையில் தென்பகுதியில் வேலை பார்க்கும் இளையவர்களுக்கு இது இன்று ஒரு பழக்கமாகவே ஆகிவிட்டது. வெள்ளிக்கிழமை வேலை முடித்து, தி.நகரில் ஒரு முதுகுப்பையும் ஷூவும் வாங்கிக்கொண்டு, ராத்திரி பத்து மணிக்கு மேல் வேன் ஏறினால், விடியும்போது ஏதாவது ஒரு மலையடிவாரம். ஞாயிறு இரவு திரும்பி, திங்கள் காலை ஆபீஸ். வாரம் முழுக்க ஏ.சி. அறையில் உட்கார்ந்தவர்கள் இரண்டு நாள் காற்றும் பச்சையும் தேடுவதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. ஊரிலேயே பிறந்து வளர்ந்து வேலைக்காக நகரம் போன பிள்ளைகள் இதில் நிறையப் பேர். மண்ணை விட்டு வந்தது அவர்களுக்கும் உறுத்துகிறது போலும்.

தாய்க்கு வரும் பயத்துக்குக் காரணம் உண்டு. 2018 மார்ச் 11, ஞாயிற்றுக்கிழமை. தேனி மாவட்டம் போடிநாயக்கனூருக்கு மேலே குரங்கணி மலை. மகளிர் தினத்தை ஒட்டி சென்னையிலிருந்து போன ஒரு குழு, பெரும்பாலும் பெண்கள், சனிக்கிழமை ஏறி கொழுக்குமலையில் தங்கிவிட்டு ஞாயிறு இறங்கிக்கொண்டிருந்தது. ஈரோடு, திருப்பூர் பக்கத்திலிருந்து வந்த இன்னொரு குழுவும் அன்று அதே சரிவில் இருந்தது. பிற்பகலில் காட்டுத் தீ அவர்களைச் சூழ்ந்தது. அன்றும், பிறகு வாரக்கணக்கில் மருத்துவமனைகளிலுமாக 23 பேர் இறந்தார்கள். புதிதாகக் கல்யாணம் ஆனவர்கள், வேலைக்குச் சேர்ந்து சில வருடமே ஆனவர்கள் அதில் இருந்தார்கள். தகவல் தெரிந்ததும் முதலில் மேலே ஓடியவர்கள் உள்ளூர்க்காரர்களும் தோட்டத் தொழிலாளர்களும்தான். இருட்டில், கம்பளியில் தூளி கட்டி, காயம்பட்டவர்களைச் சுமந்து இறங்கினார்கள். விமானப்படை ஹெலிகாப்டர்கள் பிறகு வந்தன.

குரங்கணியிலிருந்து டாப் ஸ்டேஷன் போகும் வழிக்குத்தான் அனுமதி, கொழுக்குமலை வழிக்கு அனுமதியில்லை என்று அரசுத் தரப்பில் அப்போதே சொன்னார்கள். தவறு யாருடையது என்று பல மாதம் பேச்சு நடந்தது, விசாரணையும் நடந்தது. அதையெல்லாம் விட்டுவிட்டு, மலையடிவாரத்து விவசாயி ஒருவர் அந்த நாளைப் பார்த்தால் எதைக் கவனிப்பார்? மாதம் மார்ச். புல் ஆளுயரம் வளர்ந்து காய்ந்து நிற்கிறது. நேரம் உச்சி தாண்டிய பிற்பகல், காற்று அடிவாரத்திலிருந்து மேலே ஏறும் நேரம். சரிவு செங்குத்து. வந்தவர்களுக்கு அந்தச் சரிவு பழக்கமில்லை. "இந்த மாசத்துல அந்தப் பக்கம் போகாதீங்கப்பா" என்று சொல்ல, ஆடு மேய்க்கும் ஒரு கிழவருக்கு எந்தப் படிப்பும் தேவைப்பட்டிருக்காது.

தீ எப்படி ஓடுகிறது என்பது வயலில் தாள் எரித்தவர்களுக்குத் தெரியும். சமதரையில் தீயைப் பார்த்து விலகி நடந்துவிடலாம். மலையில் கதை வேறு. தீ ஜுவாலை மேல்நோக்கிச் சாயும்போது எதிரே உள்ள புல்லை முன்கூட்டியே சுட்டு உலர்த்திவிடுகிறது. அதனால் அந்தப் புல் தொட்டவுடன் பற்றிக்கொள்ளும். சரிவு 10 பாகை கூடினால் தீயின் வேகம் ஏறக்குறைய இரண்டு பங்காகும் என்பது காட்டுத் தீயோடு வேலை செய்பவர்கள் வைத்திருக்கும் கைக்கணக்கு. 20 பாகை சரிவில் அது நாலு பங்கு. மூச்சு வாங்க மலை ஏறும் மனிதன் அந்த வேகத்துக்கு ஓட முடியாது. இரண்டு மேட்டுக்கு நடுவே இறங்கும் செங்குத்தான வறண்ட ஓடை மடிப்புகள் இன்னும் மோசம். புகைபோக்கிக் குழாய் மாதிரி தீயை இழுத்து மேலே விடும். ஒளிய இடம் என்று நினைத்து அதில் இறங்குவது பெரிய ஆபத்து.

தப்பிக்க வழி என்ன? மேலே ஓடக் கூடாது. தீ வரும் பாதைக்குக் குறுக்காக, பக்கவாட்டில், கீழ்நோக்கி விலக வேண்டும். புல்லே இல்லாத பாறை, தண்ணீர் உள்ள ஓடை, தேயிலைத் தோட்டம் மாதிரிப் பச்சை நிற்கும் இடம், இல்லாவிட்டால் ஏற்கெனவே எரிந்து கருகி அடங்கிய தரை. எரிந்த இடத்தில் மறுபடி எரிய ஒன்றும் இல்லை என்பதால் அந்தக் கரித்தரைதான் பல நேரம் உயிர் காக்கிறது. உடையும் முக்கியம். கடைகளில் மலையேற்றத்துக்கு என்று விற்கும் வழவழப்பான பாலியஸ்டர் சட்டைகள் வியர்வைக்கு நல்லதுதான். தீயில் அவை உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும். கோடையில் காய்ந்த காட்டுக்குப் போகவே கூடாது, அப்படியே புல் காய்ந்த நாளில் போக நேர்ந்தாலும் கெட்டியான பருத்திதான் உடம்பில் இருக்க வேண்டும்.

குரங்கணிக்குப் பிறகு மாநிலம் முழுவதும் காட்டுக்குள் மலையேற்றத்துக்குத் தடை வந்தது. அதே ஆண்டில் வனப்பகுதி மலையேற்றத்தை ஒழுங்குபடுத்தும் விதிகளும் வந்தன. வழிகளை எளிது, நடுத்தரம், கடினம் என்று பிரித்து, அனுமதியும் வழிகாட்டியும் கட்டாயம் ஆக்கியவை அந்த விதிகள். அதன் அடுத்த கட்டமாக 2024 அக்டோபரில் 'டிரெக் தமிழ்நாடு' என்ற பெயரில் 14 மாவட்டங்களில் 40 மலையேற்ற வழிகள் திறக்கப்பட்டன. வனத்துறையின் கீழ் இயங்கும் வன அனுபவக் கழகம் இதை நடத்துகிறது. இணையதளத்தில் பெயர் பதிந்து பணம் கட்ட வேண்டும். அந்தந்த மலையில் வாழும் பழங்குடி இளைஞர்களும் அடிவாரக் கிராமத்து இளைஞர்களும் பயிற்சி பெற்று வழிகாட்டியாக வருகிறார்கள். தீக்காலத்தில் மூடிவிடுகிறார்கள், 2025-ல் பிப்ரவரி 15 முதல் ஏப்ரல் 15 வரை மூடினார்கள். குரங்கணியிலிருந்து சாம்பலாறு போகும் வழியும் இந்த நாற்பதில் ஒன்று. கட்டணம் கொஞ்சம் கூடுதல்தான், ஆரம்பத்தில் நிறையப் பேர் முறையிட்ட பிறகு குறைத்தார்கள். இன்னும் குறைத்தால் நல்லது. கல்லூரிப் பிள்ளைகள் பணம் இல்லாமல்தான் திருட்டு வழி தேடுகிறார்கள்.

இப்போது மன்னார்குடி தாய்க்கு.

"போகாதே" என்று சொன்னால் அவள் சொல்லாமல் போவாள். வேலைக்குப் போய்ச் சம்பாதிக்கும் பெண். சொல்லாமல் போவதுதான் எல்லாவற்றிலும் ஆபத்து, ஏனென்றால் எங்கே போனாள் என்று ஒருவருக்கும் தெரியாமல் போய்விடும். எனவே அனுப்பலாம், ஆனால் 'காசு கட்டிட்டேன்மா' என்ற பதிலோடு விடக் கூடாது. காசு யாருக்குக் கட்டினாய் என்பதுதான் முதல் கேள்வி. வாட்ஸ்ஆப் குழுவில் ஒருவர் பெயருக்கு ஜிபே செய்திருந்தால் அது வேன் வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் கட்டிய காசு. காட்டுக்குள் போக அனுமதி அதில் இருக்கிறதா என்று தனியாகக் கேட்க வேண்டும். இருந்தால் அந்தச் சீட்டில் எந்த வழி, எந்தத் தேதி, எத்தனை பேர் என்று எழுதியிருக்கும். அதன் படத்தை அம்மாவின் போனுக்கு அனுப்பச் சொல்லலாம். இதைக் கேட்பதில் சங்கடம் எதுவும் இல்லை. கல்யாண மண்டபத்துக்கு முன்பணம் கட்டினால் ரசீது கேட்பதில்லையா?

அடுத்தது, எந்த வழிக்குச் சீட்டோ அந்த வழியேதான் போய் அதே வழியே திரும்ப வேண்டும். "அந்தப் பக்கம் ஒரு அருவி இருக்காம், சும்மா பாத்துட்டு வரலாம்" என்ற பேச்சு எல்லாக் குழுவிலும் எழும். அதற்கு வழிகாட்டி மறுத்தால் அவரைத் திட்டாமல் இருக்கத் தெரிய வேண்டும். அந்த மறுப்புக்கும் சேர்த்துத்தான் அவருக்குக் கூலி கொடுக்கிறது.

உடம்பைப் பற்றியும் ஒரு வார்த்தை. சென்னை சமதரை. லஸ் பக்கம் நாகேஸ்வரராவ் பூங்காவில் தினம் பத்துச் சுற்று நடந்தாலும், எலியட்ஸ் கடற்கரையில் ஓடினாலும், முழங்காலுக்கு மலை பழகாது. ஏறும்போது மூச்சுதான் வாங்கும். இறங்கும்போதுதான் முழங்கால் பிடிக்கும், கால் நடுங்கும், அப்போதுதான் பெரும்பாலும் விழுவார்கள். அதற்கு நகரத்திலேயே ஒரு வழி இருக்கிறது. பரங்கிமலை 300 அடி உயரம். அதன் படிகளில் ஒரு மாதம், வாரத்துக்கு இரண்டு நாள், முதுகில் மூன்று லிட்டர் தண்ணீர்ப் பையோடு ஏறி இறங்கினால் தொடை கெட்டிப்படும். ஊருக்கு வரும்போது நெல் மூட்டையைத் திண்ணையிலிருந்து களத்துக்குத் தூக்கச் சொன்னாலும் சரிதான், ஆனால் அந்தப் பேச்சுக்கு வீட்டில் சண்டைதான் வரும்.

முதல் முறையே பெரிய மலைக்குப் போக வேண்டியதில்லை. நாற்பது வழிகளில் திருவள்ளூர் மாவட்டத்தில் பூண்டி பக்கம் உள்ள குடியம் குகை வழியும் ஒன்று. கற்கால மனிதர்கள் வாழ்ந்த இடம், சென்னையிலிருந்து ஒரே நாளில் போய்த் திரும்பிவிடலாம். பூண்டியில் கற்காலக் கருவிகளுக்கென்றே ஒரு அருங்காட்சியகமும் உண்டு. அதையும் விடப் பக்கத்தில், அவள் தினம் ஆபீஸ் போகும் வழியிலேயே, அடையாறுக்கும் கிண்டிக்கும் நடுவில் கிண்டி தேசியப் பூங்கா இருக்கிறது. மொத்தமே 2.7 சதுர கிலோமீட்டர். வெளிமானும் புள்ளிமானும் நகரத்துக்கு நடுவில் மேயும் இடம். அங்கேகூட சிறுவர் பூங்காவுக்குச் சீட்டு வாங்கி நுழையலாமே தவிர, உள்காட்டில் நினைத்தபடி யாரும் நடந்துவிட முடியாது. ஊருக்கு நடுவில் இருக்கும் காட்டுக்கே அந்த ஒழுங்கு என்றால், யானையும் காட்டெருமையும் உள்ள மலைக்கு எவ்வளவு இருக்கும் என்று மகளே புரிந்துகொள்வாள்.

அப்பாவிடம் சொல்ல ஒன்று: கிளம்பும் நேரம், ஏறத் தொடங்கும் இடம், இறங்கும் நேரம், வழிகாட்டியின் போன் எண், வேன் ஓட்டுநரின் எண், இவ்வளவும் ஒரு தாளில் எழுதி வீட்டுச் சுவரில் ஒட்டிவிடலாம். மலை மேல் போன் சிக்னல் கிடைக்காது, அதைப் பார்த்துப் பதற வேண்டாம். இறங்கும் நேரத்துக்கு மூன்று மணி நேரம் தாண்டியும் தகவல் இல்லை என்றால் 112-க்குக் கூப்பிடலாம். கையில் அந்தத் தாள் இருந்தால் எங்கே தேடுவது என்று சொல்ல முடியும்.

ஏலகிரி விவசாயிக்கான பதில் அவருக்குப் பிடிக்காமல் இருக்கலாம். பையனை அனுப்பக் கூடாது.

கொல்லை அவருடையது, ஒற்றையடிப் பாதையும் அவருடைய தாத்தா காலத்துப் பாதை. ஆனால் வரப்பு தாண்டி அது போகும் இடம் காப்புக்காடு. 1882-ஆம் ஆண்டு வனச் சட்டப்படி, அனுமதி இல்லாமல் காப்புக்காட்டுக்குள் நுழைவதும் அங்கே நெருப்பு மூட்டுவதும் குற்றம். சரணாலயமாகவோ தேசியப் பூங்காவாகவோ இருந்தால் 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டமும் சேர்ந்துகொள்ளும். 2006-ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் காட்டில் வாழ்ந்துவரும் குடும்பங்களுக்கு விவசாயம் செய்யவும், தேன், கடுக்காய் போன்ற சிறு வனப்பொருள் எடுக்கவும் உரிமை தந்திருக்கிறது. பெரிய உரிமை அது. ஆனால் சென்னைப் பிள்ளைகளைக் காசுக்குக் கூட்டிப்போகும் அனுமதிச் சீட்டாக அதை எடுத்துக்கொள்ள முடியாது.

வம்பு என்பதில் அபராதம் சின்ன விஷயம். பன்னிரண்டு பேரில் ஒருவர் பாறையில் வழுக்கி விழுந்தாலோ, அருவியில் மூழ்கினாலோ, ஒருவர் சிகரெட்டை அணைக்காமல் போட்டாலோ, வேன் அன்றிரவே சென்னைக்குப் போய்விடும். அங்கேயே இருக்கப்போகிறவன் அவருடைய பையன் மட்டும்தான். "யார் கூட்டிட்டுப் போனது?" என்ற கேள்விக்கு ஊர் முழுக்கக் காட்டும் வீடு அவருடையதாக இருக்கும். 2,400 ரூபாய்க்கு அந்தச் சுமை தாங்காது. குரங்கணியிலும் போலீஸ் கைது செய்தவர்களில் குழுவை அழைத்துப் போனவர் ஒருவர் இருந்தார் என்பதை மறக்க வேண்டாம்.

ஆனால் அந்தப் பையனுக்கு மலை தெரியும் என்பது உண்மையான சொத்து. அதை விற்க நேரான வழி இருக்கிறது. நாற்பது வழிகளில் ஏலகிரி சுவாமிமலையும், அதே திருப்பத்தூர் மாவட்டத்து ஜலகாம்பாறையும் உண்டு. இரண்டும் அவர் ஊரிலிருந்து எட்டும் தூரம். வனச்சரகர் அலுவலகத்துக்கு நேரில் போய், வழிகாட்டிப் பயிற்சிக்கு ஆள் எடுக்கிறார்களா, எப்போது என்று கேட்டு, பெயரும் ஆதார் நகலும் கொடுத்துவிட்டு வரலாம். உடனே இடம் இல்லை என்பார்கள். கிராம வனக்குழுவில் சேர்ந்திருப்பதும், தீக்காலத்தில் தற்காலிகத் தீத்தடுப்புக் காவலராக வேலை பார்ப்பதும் அடுத்த முறை ஆள் தேடும்போது பெயர் ஞாபகம் வர உதவும். வழிகாட்டியாக ஆனால் பையன் கற்றுக்கொள்ள வேண்டியது முதலுதவியும், கூட்டத்தைப் பார்த்து "முடியாது" என்று சொல்லும் தைரியமும். பாதை அவனுக்கு ஏற்கெனவே தெரியும்.

பையன் அனுமதி பெறும் வரை, வேன் நிற்கும் இடத்திலேயே காசு இருக்கிறது. அதை விவசாயிகள் குறைத்து மதிப்பிடுகிறார்கள். விடிய விடிய வேனில் வந்தவர்களுக்கு முதலில் தேவை ஒரு சுத்தமான கழிப்பறை. குறிப்பாகப் பெண்களுக்கு. அதற்குத் தலைக்கு இருபது ரூபாய் கேட்டால் நன்றி சொல்லிக் கொடுப்பார்கள். பிறகு சூடாக ஏதாவது. சாமைப் பொங்கலும் கேழ்வரகுக் களியும் மயிலாப்பூர் ஓட்டலில் கிடைக்காத சாப்பாடு, அதுவும் விறகடுப்பில். இறங்கி வரும்போது மோர், நுங்கு, பலாச்சுளை, கொய்யா. கிளம்பும்போது ஒரு கிலோ சாமை, புளி, வீட்டு நெய். சொந்தப் பட்டா நிலத்தில் இதையெல்லாம் செய்ய வனத்துறையிடம் கைகட்டி நிற்க வேண்டியதில்லை. சாப்பாடு விற்றால் உணவுப் பாதுகாப்புத் துறையில் சிறு வியாபாரிகளுக்கான பதிவைச் செய்துகொள்ள வேண்டும், கட்டணம் ஆண்டுக்கு நூறு ரூபாய்தான். இரவு தங்க வைப்பதானால் சுற்றுலாத் துறையிலும் ஊராட்சியிலும் கேட்டுப் பதிந்துகொள்ள வேண்டும். 'காட்டேஜ்' கட்டும் ஆசை வந்தால் ஒரு செங்கல் வாங்குமுன், கிராமம் மலைப்பகுதிப் பாதுகாப்பு ஆணையத்தின் பட்டியலில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பட்டியலில் இருந்தால் அனுமதி இல்லாமல் கட்டியதை இடிக்கச் சொல்வார்கள். கடன் வாங்கிக் கட்டி இடிபட்டவர்கள் கதை மலைப்பகுதிகளில் நிறையக் கேட்கலாம்.

இன்னொன்று, விவசாயியே தன் பக்கம் பார்க்க வேண்டியது. நம் நாட்டில் காட்டுத் தீயில் பெரும்பகுதி மனிதன் கையால் வருவதுதான். நகரத்துப் பிள்ளைகள் போடும் சிகரெட்டும் கேம்ப் ஃபயரும் ஒரு பங்கு. மறுபங்கு மாசி, பங்குனியில் வரப்புப் புல்லுக்கு வைக்கும் நெருப்பு, கொல்லையில் காய்ந்த மக்காச்சோளத் தட்டைக்கு வைக்கும் நெருப்பு, புதுப்புல் முளைக்கட்டும் என்று ஆடு மாட்டுக்காரர்கள் சரிவில் வைக்கும் நெருப்பு. கோடைக்கு முன்பே வனத்துறை காட்டோரத்தில் புல்லை அகற்றித் தீத்தடுப்புக் கோடு போடுகிறது. கொல்லைக்கும் காட்டுக்கும் நடுவே சொந்தப் பக்கத்தில் பத்தடி அகலத்துக்குப் புல்லைச் செதுக்கி வைப்பது விவசாயியின் வேலை. தாளை எரிக்காமல் மூடாக்குப் போட்டால் மண்ணுக்கும் ஈரம் நிற்கும். எரித்தே ஆக வேண்டும் என்றால் காற்று மலை பார்த்து வீசும் பிற்பகலில் மட்டும் கூடாது. மேலே யார் நடந்துகொண்டிருக்கிறார்கள் என்று கீழே இருப்பவருக்குத் தெரியாது.

குப்பை விஷயத்தில் விவசாயி கொஞ்சம் கறாராக இருக்கலாம். கண்ணாடி பாட்டில் உடைந்து கிடந்தால் வெட்டுப்படுவது மாட்டின் குளம்பும் யானையின் பாதமும். நீலகிரியில் யானைகளுக்குக் காயம் ஏற்படுவதைப் பார்த்து உயர் நீதிமன்றம் தலையிட்ட பிறகு, 2022-ல் மதுக்கடையில் பாட்டிலுக்குப் பத்து ரூபாய் கூடுதலாக வாங்கி, காலி பாட்டிலைக் கொடுத்தால் திருப்பித் தரும் முறை வந்தது. அதையே தன் கொல்லையில் செய்யலாம். வேன் நிறுத்த ஐம்பது ரூபாய், முன்பணம் இருநூறு, போகும்போது கொண்டுவந்த குப்பையை மூட்டையாகக் காட்டினால் இருநூறு திரும்ப. முதல் வாரம் முணுமுணுப்பார்கள். பிறகு பழகிவிடும். மதுவோடு வருபவர்களை நிறுத்தவே விட வேண்டாம், வீட்டில் பெண்பிள்ளை இருக்கிறது என்று சொன்னால் போதும்.

இவற்றோடு அஞ்சலட்டையில் ஒரு சின்னக் கேள்வியும் வந்திருக்கிறது, கோவை ஆலாந்துறை பக்கத்திலிருந்து: "எங்கள் குலதெய்வம் காட்டுக்குள் இருக்கிறது. பாட்டன் காலத்திலிருந்து வருடம் ஒரு முறை கிடா வெட்டிப் பொங்கல் வைக்கிறோம். இனிமேல் அதற்கும் இணையதளத்தில் பணம் கட்ட வேண்டுமா?"

மலையேற்ற வழிகளுக்கான கட்டணம் குலதெய்வ வழிபாட்டுக்காக வந்தது அல்ல. பரம்பரையாக நடக்கும் கோயில் விழாக்களுக்கு வனத்துறையினர் வழக்கமாக நாள் குறித்து அனுமதிக்கிறார்கள். பக்கத்திலேயே வெள்ளியங்கிரிக்கு பிப்ரவரி முதல் மே வரை ஏழு மலை ஏற விடுகிறார்கள். பிளாஸ்டிக் பாட்டிலுக்கு ஸ்டிக்கர் ஒட்டி இருபது ரூபாய் முன்பணம் வாங்கி, திரும்பக் கொண்டுவந்தால் கொடுக்கிறார்கள். குலதெய்வத்துக்குப் போகிறவர்கள் ஒரு மாதம் முன்பே ஊர்ப் பெரியவர் பெயரில் வனச்சரகருக்கு மனு எழுதி, நாள், எத்தனை பேர், எத்தனை வண்டி என்று குறித்து, மனுவின் நகலில் அலுவலக முத்திரை வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும். நாளை மாசி, பங்குனியில் வைத்தால் தீக்காலம் என்று மறுக்கக்கூடும், அதற்கு முன்போ மழை தொட்ட பிறகோ வைத்தால் சுலபம். பொங்கல் வைக்கும் அடுப்பைக் கோயில் வாசலில் புல் செதுக்கிய தரையில் மட்டும் மூட்டுவது, கிளம்பும்முன் இரண்டு குடம் தண்ணீர் ஊற்றிச் சாம்பலைக் கையால் கிளறிச் சூடு இருக்கிறதா என்று பார்ப்பது, இந்த இரண்டும் மனுவிலேயே எழுதப்பட்டிருந்தால் சரகர் கையெழுத்துப் போடத் தயங்க மாட்டார்.